சி. ஆர். ராவின் 1945ஆம் ஆண்டுக் கட்டுரை: 78 ஆண்டுகளுக்குப் பிறகு பரிசு கிடைத்தது ஏன்?

2023 ஏப்ரலில் ஒரு செய்தி இந்திய நாளிதழ்களில் பரவலாக வெளிவந்தது. கல்யம்பூடி ராதாகிருஷ்ண ராவ் என்ற 102 வயதுப் புள்ளியியலாளருக்குச் சர்வதேசப் புள்ளியியல் பரிசு அறிவிக்கப்பட்டிருக்கிறது என்பதும், பரிசுத் தொகை 80,000 அமெரிக்க டாலர் என்பதும், 75 ஆண்டுகளுக்கு மேலாகியும் அறிவியலில் செல்வாக்கு குன்றாத ஒரு பணிக்காக அது தரப்படுகிறது என்பதும் அச்செய்தியின் சாரம். "புள்ளியியலின் நோபல்" என்ற அடைமொழியும் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று, 103 வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்த நிலையில், அவர் அமெரிக்காவில் காலமானார்.

இச்செய்திகளைப் படித்தவர்களுக்கு இயல்பாகவே சில ஐயங்கள் எழுந்தன. இது நீண்ட ஆயுளுக்குத் தரப்பட்ட மரியாதையா? 1945இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அப்படி என்னதான் இருந்தது? மக்கள்தொகையும் விலைவாசியும் கணக்கெடுப்பவர்தானே புள்ளியியலாளர், அவர் புதிதாகக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் தெளிவாகும் என்பதால், அங்கிருந்தே தொடங்குவோம்.

மதிப்பீடு என்றால் என்ன?

தரவுகளைச் சேகரிப்பது ஒரு வேலை. சேகரித்த சிறு பகுதியைக் கொண்டு, நேரில் காண முடியாத முழுமையைப் பற்றி என்ன சொல்லலாம், அதை எவ்வளவு உறுதியோடு சொல்லலாம் என்று முடிவு செய்வது வேறொரு வேலை. ராவின் வாழ்நாள் உழைப்பு இந்த இரண்டாவது வேலையைச் சேர்ந்தது.

அவர் தம் விரிவுரைகளில் எடுத்துக்காட்டிய நிகழ்வு ஒன்று இதை நன்றாக விளக்குகிறது. 1947இல் பிரிவினைக் கலவரங்களின்போது டெல்லி செங்கோட்டைக்குள் ஏராளமானோர் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பை அரசு ஒப்பந்ததாரர்களிடம் விட்டது. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க முடியாத சூழலில், வந்த செலவுக் கணக்கு மிகையாகத் தெரிந்ததால், புள்ளியியலாளர்களிடம் உதவி கேட்கப்பட்டது. அவர்கள் அரிசி, பருப்பு, உப்பு ஆகிய மூன்றுக்கும் கேட்கப்பட்ட அளவுகளை எடுத்து, ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அளவால் தனித்தனியே வகுத்தார்கள். மூன்று விடைகளும் ஒன்றுபோல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அரிசிக் கணக்கில் ஆள் எண்ணிக்கை மிக அதிகமாகவும் உப்புக் கணக்கில் மிகக் குறைவாகவும் வந்தது. உப்பு மலிவானது, அதன் அளவைக் கூட்டிச் சொல்லி யாரும் பெரிய லாபம் பார்க்க முடியாது என்பதால், உப்பு தந்த எண்ணிக்கையையே அவர்கள் ஏற்றார்கள். ஹுமாயூன் கல்லறையில் தங்கியிருந்த சிறிய கூட்டத்தின்மீது இதே முறையைச் சோதித்தபோது அது சரியாகவே அமைந்தது.

இந்த நிகழ்விலிருந்து மூன்று கருத்துகளைப் பெறலாம்.

1. பண்பளவை: நமக்குத் தெரியவேண்டிய, ஆனால் தெரியாத உண்மையான எண். இங்கே, கோட்டைக்குள் இருந்தோரின் எண்ணிக்கை.

2. மதிப்பீட்டு முறை: கையிலுள்ள தரவிலிருந்து அந்த எண்ணைக் கணிக்கும் விதி. ஒரே பண்பளவைக்குப் பல விதிகள் இருக்கலாம்; அரிசி வழி ஒன்று, உப்பு வழி மற்றொன்று.

3. பிறழ்ச்சி: ஒரு விதி தொடர்ந்து ஒரே பக்கமாகத் தவறு செய்தால் அது பிறழ்ச்சியுடையது. பல முறை பயன்படுத்தும்போது சராசரியில் உண்மையான எண்ணையே தருமானால் அது பிறழ்ச்சியற்றது.

பிறழ்ச்சி இல்லை என்பது மட்டும் போதாது. சராசரியில் சரியாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பக்கமாக வெகுதூரம் விலகும் விதியால் பயன் குறைவு. அந்தச் சிதறலை அளப்பதற்கு விலக்க வர்க்கச் சராசரி என்ற அளவு உள்ளது. அது குறையக் குறைய மதிப்பீடு துல்லியமாகும். அப்படியானால், எந்த அளவுக்குக் குறைக்க முடியும்? மேலும் மேலும் திறமையான விதிகளை யோசித்துக்கொண்டே போனால் சிதறலைச் சுழியத்துக்கு அருகில் கொண்டுவந்துவிடலாமா, அல்லது தரவே விதிக்கும் எல்லை ஒன்று இருக்கிறதா? ராவின் கட்டுரை விடை சொன்னது இந்தக் கேள்விக்குத்தான்.

வகுப்பறையில் எழுந்த கேள்வி

ராவ் 1920 செப்டம்பர் 10 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டத்தைச் சேர்ந்த ஹடகலியில் தெலுங்குக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து முடித்தபின், போர்க்காலத்தில் வேலை தேடிக் கல்கத்தா சென்றவர், அங்கே பி. சி. மகலனோபிஸ் நடத்திவந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தற்செயலாக அறிந்து 1941இல் பயிற்சியில் சேர்ந்தார். 1943இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் முதுகலைப் பட்டத்தைத் தங்கப் பதக்கத்துடன் பெற்றார்.

அடுத்த ஆண்டே அவர் அங்கு வகுப்பெடுக்கத் தொடங்கியிருந்தார். ஆங்கிலப் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1920களில் நிறுவியிருந்த ஒரு முடிவை ஒரு நாள் விளக்கினார். மாதிரியின் அளவு மிகப் பெரிதாகிக்கொண்டே போகும்போது மதிப்பீட்டின் சிதறலுக்கு ஒரு கீழ் எல்லை உண்டு என்பது அம்முடிவு. வகுப்பில் இருந்த வி. எம். தாண்டேகர், பிற்காலத்தில் இந்திய வறுமை பற்றிய ஆய்வுகளால் புகழ்பெற்ற பொருளியலாளர், சிறிய மாதிரிகளுக்கு அப்படி ஓர் எல்லையை நிறுவ முடியாதா என்று கேட்டார். ராவ் அன்றிரவே அதைச் செய்து பார்த்து மறுநாள் வகுப்பில் நிறுவிக் காட்டினார். அந்த முடிவும் அதோடு தொடர்புடைய வேறு சிலவும் 1945இல் கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் கட்டுரையாக வந்தன. அது உலகின் முன்னணி இதழ் எதுவும் அல்ல, கட்டுரையும் பதினோரு பக்கங்களே.

கட்டுரையின் மூன்று முடிவுகள்

1. துல்லியத்தின் எல்லை

ஒவ்வொரு தரவும் தெரியாத பண்பளவையைப் பற்றி ஒரு குறிப்பிட்ட அளவு தகவலைத் தாங்கியிருக்கிறது. அந்தத் தகவலை எண்ணாக அளக்கும் வழியை ஃபிஷர் ஏற்கெனவே தந்திருந்தார். பிறழ்ச்சியற்ற எந்த மதிப்பீட்டு முறையை எடுத்துக்கொண்டாலும், அதன் விலக்க வர்க்கச் சராசரி, மொத்தத் தகவலின் தலைகீழ் எண்ணைவிடக் குறைய முடியாது என்று ராவ் நிறுவினார். மாதிரி எவ்வளவு சிறியதாயினும் இது பொருந்தும்.

தேர்தல் கருத்துக்கணிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1,000 வாக்காளர்களைச் சீட்டுக்குலுக்கல் போல முற்றிலும் சமவாய்ப்பில் தேர்ந்தெடுத்து, ஒரு கட்சியை ஆதரிப்பீர்களா என்று கேட்கிறோம். உண்மையான ஆதரவு பாதியளவில் இருந்தால், மாதிரியில் கிடைக்கும் விகிதத்தின் திட்டவிலக்கம், அதாவது விலக்க வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம், சுமார் 1.6 விழுக்காட்டுப் புள்ளிகள். செய்திகளில் "பிழை வரம்பு மூன்று விழுக்காடு" என்று போடப்படுவது இதன் ஏறத்தாழ இரு மடங்கு. அந்த 1,000 பதில்களை மட்டும் வைத்துக்கொண்டு, எவ்வளவு நுட்பமான கணிதத்தைப் பயன்படுத்தினாலும், பிறழ்ச்சியற்ற எந்த முறையும் இந்தத் திட்டவிலக்கத்தைவிடக் கீழே இறங்க முடியாது. இதைப் பத்தில் ஒரு பங்காக்க வேண்டுமானால் ஒரு லட்சம் பேரைக் கேட்டாக வேண்டும்.

இதே எல்லை வேறொரு பயனையும் தருகிறது. ஒரு முறை எல்லையை எட்டிவிட்டால் அதைவிடச் சிறந்ததைத் தேடும் வேலை மிச்சம். எட்டாத முறை எவ்வளவு தரவை வீணாக்குகிறது என்றும் சொல்லிவிடலாம். இயல்நிலைப் பரவலில், அதாவது மையத்தைச் சுற்றி மணி வடிவில், அமைந்த அளவீடுகளின் மையத்தைக் கணிக்கச் சராசரி இந்த எல்லையை எட்டுகிறது, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) எட்டுவதில்லை. 100 அளவீடுகளின் சராசரி தரும் துல்லியத்தை இடைநிலையால் பெற, ஏறத்தாழ 157 அளவீடுகள் தேவை.

சுவீடன் நாட்டின் ஹரால்ட் க்ராமர் இதே முடிவைத் தனியாகக் கண்டறிந்து 1946இல் தம் நூலில் வெளியிட்டதால், க்ராமர்–ராவ் எல்லை என்ற பெயர் நிலைத்தது. பிரான்சின் மொரிஸ் ஃப்ரெஷேவும் 1943இல் இதற்கு நெருங்கிய முடிவொன்றை வெளியிட்டிருந்தார். போரால் துண்டிக்கப்பட்டிருந்த மூன்று நாடுகளில் மூவரும் ஒரே இடத்தை வந்தடைந்தார்கள் என்பது, இந்தக் கேள்விக்கான காலம் கனிந்திருந்தது என்பதையே காட்டுகிறது. ராவின் பங்கு அதனால் சிறிதும் குறைவதில்லை.

2. மட்டமான மதிப்பீட்டைச் சீர்செய்யும் வழி

எல்லை இருக்கிறது என்று அறிவது ஒன்று, அதை நோக்கிப் போகும் வழி மற்றொன்று. ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டி, தலை விழும் நிகழ்தகவை மதிப்பிட விரும்புகிறோம். முதல் சுண்டலை மட்டும் பார்த்து, தலை என்றால் 1 என்றும் பூ என்றால் 0 என்றும் சொல்லும் ஒரு விதியை வைத்துக்கொள்வோம். இது பிறழ்ச்சியற்றதுதான். ஆனால் ஒன்பது சுண்டல்களை வீணாக்குவதால் மட்டமானது. இந்த நாணயத்தைப் பற்றிய தகவல் முழுவதும் "மொத்தம் எத்தனை தலைகள்" என்ற ஒற்றை எண்ணில் அடங்கிவிடுகிறது. எந்த வரிசையில் விழுந்தன என்பது கூடுதலாக எதையும் சொல்வதில்லை. இத்தகைய எண்ணுக்குப் போதுமான அளவை என்று பெயர்.

மட்டமான விதியை எடுத்து, மொத்தத் தலைகளின் எண்ணிக்கை தெரிந்த நிலையில் அது சராசரியாக என்ன மதிப்பைத் தரும் என்று கணக்கிட்டால், கிடைப்பது தலைகளின் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்த விகிதம். சிதறல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. பிறழ்ச்சியற்ற எந்த விதியையும் இவ்வாறு மாற்றினால் சிதறல் குறையும் அல்லது அப்படியே இருக்கும், ஒருபோதும் கூடாது என்பது ராவின் இரண்டாவது முடிவு. அமெரிக்கக் கணிதவியலாளர் டேவிட் பிளாக்வெல் 1947இல் இதைத் தனியாகக் கண்டதால் ராவ்–பிளாக்வெல் தேற்றம் என்று வழங்குகிறது.

3. நிகழ்தகவுப் பரவல்களுக்கு இடையிலான தொலைவு

மூன்றாவது முடிவு அன்று அதிகம் கவனிக்கப்படவில்லை. இன்று அதிகம் பேசப்படுவது அதுவே. ஒரு நாணயத்தின் நிகழ்தகவு 0.50, மற்றொன்றுக்கு 0.55 எனக் கொள்வோம். வேறொரு இணையில் அவை 0.90, 0.95. இரண்டிலும் இடைவெளி 0.05தான். ஆனால் சுண்டிப் பார்த்து எது எது என்று பிரித்தறிவது இரண்டாவது இணையில் எளிது, ஏனெனில் அங்கே சிதறல் குறைவு. சாதாரண அளவுகோல் இந்த வேறுபாட்டைக் காட்டாது. ஃபிஷரின் தகவலையே அளவுகோலாகக் கொண்டு, பரவல்களின் தொகுதியை ஒரு வளைந்த பரப்பாகப் பார்த்தால் காட்டும் என்றார் ராவ். அந்த அளவுகோலில் முதல் இணையின் தொலைவு சுமார் 0.10, இரண்டாவதன் தொலைவு சுமார் 0.19. ஜெர்மானியக் கணிதவியலாளர் ரீமான் வகுத்த வளைபரப்பு வடிவியல் புள்ளியியலுக்குள் நுழைந்தது இப்படித்தான்.

எல்லை எங்கே பொருந்தாது?

இந்த எல்லையை யாராலும் மீற முடியாத இயற்கை விதி என்று எழுதுவது தவறு. அது பிறழ்ச்சியற்ற முறைகளுக்கே, அதுவும் சில கணித நிபந்தனைகளுக்கு உட்பட்டே பொருந்தும். பரவல் எங்கே முடிகிறது என்பதே தெரியாத பண்பளவையாக இருக்கும் கணக்குகளில் அந்த நிபந்தனைகள் நிறைவேறுவதில்லை. அதைவிட முக்கியமான விதிவிலக்கு ஒன்றும் உண்டு. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சராசரிகளை ஒருசேர மதிப்பிடும்போது, சிறிது பிறழ்ச்சியை அனுமதித்தால் மொத்தப் பிழை குறையும் என்று சார்லஸ் ஸ்டைன் 1956இல் காட்டினார். இன்றைய இயந்திரக் கற்றலில் பெரும்பகுதி இவ்வாறு தெரிந்தே பிறழ்ச்சியை ஏற்கும் முறைகளால் ஆனது. இருந்தாலும், எவ்வளவு பிறழ்ச்சியைக் கொடுத்து எவ்வளவு சிதறலைக் குறைத்தோம் என்று பேசுவதற்கான அளவுகோல் ராவிடமிருந்து வந்ததே.

எலும்புகளும் மதிப்புப் புள்ளிச் சோதனையும்

1946இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தொல்லியல், மானிடவியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு புள்ளியியலாளர் தேவைப்பட்டார். சூடானின் ஜெபல் மோயாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழங்கால மனித எலும்புகளின் அளவீடுகளைக் கொண்டு, அம்மக்கள் எந்த இனக்குழுக்களோடு நெருங்கியவர்கள் என்று அறிய வேண்டியிருந்தது. பல அளவீடுகளை ஒருசேர வைத்து இரு குழுக்களின் தொலைவைக் கணக்கிடும் முறையை மகலனோபிஸ் 1936இலேயே உருவாக்கியிருந்ததால், உதவி கேட்டு அவருக்குக் கடிதம் வந்தது. அவர் ராவை அனுப்பினார். அருங்காட்சியகப் பணிக்கிடையே ஃபிஷரின் வழிகாட்டுதலில் ராவ் 1948இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் வந்த மற்றொரு கட்டுரை, மதிப்புப் புள்ளிச் சோதனை எனப்படும் முறையை அறிமுகப்படுத்தியது. "புதிய மருந்தால் எந்த மாற்றமும் இல்லை" என்பது போன்ற இன்மைக் கருதுகோளைச் சோதிக்க அப்போது இரண்டு பொதுவான முறைகள் இருந்தன. நெய்மனும் பியர்சனும் தந்த ஒன்று, வால்டு தந்த மற்றொன்று. இரண்டுக்கும் சிக்கலான முழு மாதிரியமைப்பையும் பொருத்திப் பார்க்க வேண்டும். ராவின் முறைக்கு எளிய இன்மைக் கருதுகோளை மட்டும் பொருத்தினால் போதும். கைக்கணக்குக் காலத்தில் அது பெரும் உழைப்பை மிச்சப்படுத்தியது. பொருளியல் ஆய்வுகளில் சிதறல் சீராக உள்ளதா என்று பார்க்கும் ப்ரூஷ்–பேகன் சோதனையும், புற்றுநோய் மருந்துச் சோதனைகளில் இரு குழுக்களின் உயிர்வாழ்வை ஒப்பிடும் லாக்-ராங்க் சோதனையும் இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பயன்படுத்துவோரில் பலர் ராவின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

குறைந்த சோதனைகளில் நிறையத் தெரிந்துகொள்ளல்

1947இல் ராவ் வகுத்த செங்குத்து அணிவரிசைகளும் எல்லை பற்றிய சிந்தனையே. ஒரு வேளாண் சோதனையில் விதை, நீர், உரம், நடவு இடைவெளி என நான்கு காரணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள். எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்க 81 வயல் துண்டுகள் வேண்டும். எந்த இரண்டு காரணிகளை எடுத்தாலும் அவற்றின் எல்லா நிலைச் சேர்க்கைகளும் சம எண்ணிக்கையில் வரும்படி ஒன்பது துண்டுகளை மட்டும் தேர்ந்தெடுக்க முடியும். காரணிகள் ஒன்றையொன்று பாதிக்கவில்லை என்று கொள்ளத்தக்க இடங்களில், ஒவ்வொன்றின் விளைவையும் அந்த ஒன்பதிலிருந்தே பிரித்தறியலாம். ஒன்பதுக்கும் குறைவாக முடியுமா? முடியாது என்று ராவ் தந்த சமனிலி காட்டுகிறது.

1954–55இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்திருந்த ஜப்பானியப் பொறியியலாளர் கெனிச்சி டகுச்சி, இந்த அணிவரிசைகளைத் தம் தரக்கட்டுப்பாட்டு முறையின் அடிப்படையாக்கினார். தொழிற்சாலைகளில் டகுச்சி முறை என்று கற்பிக்கப்படுவதன் வேர் இங்கே இருக்கிறது.

நிறுவனத்தைக் கட்டியவர்

1948இல் கல்கத்தா திரும்பிய ராவ், நிறுவனத்தின் ஆராய்ச்சி, பயிற்சிப் பிரிவை நடத்தும் பொறுப்பை முப்பது வயது நிறையும் முன்பே ஏற்றார். மகலனோபிஸ் தேசிய மாதிரி ஆய்விலும் ஐந்தாண்டுத் திட்டப் பணிகளிலும் ஆழ்ந்துவிட, கல்விப்பணியின் சுமை ராவின் தோளில் விழுந்தது. 1959இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அது அறிவிக்கப்பட்டு, பட்டம் வழங்கும் உரிமையும் பெற்றது.

ராவின் பணியில் தேற்றங்களுக்குச் சமமாக வைக்கத்தக்கது இந்தப் பகுதி என்பது என் மதிப்பீடு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சீனிவாச வரதன் அங்கே ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். தொழில்துறைப் புள்ளியியல் கற்க வந்தவர், அங்கிருந்த கே. ஆர். பார்த்தசாரதி, வீ. எஸ். வரதராஜன், ரங்கா ராவ் ஆகியோரின் ஈர்ப்பால் நிகழ்தகவுக் கோட்பாட்டுக்குத் திரும்பி, ராவின் மேற்பார்வையில் 1963இல் முனைவர் பட்டம் பெற்றார். 2007இல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. தம் துறைக்கு வெளியே போக விரும்பிய மாணவர்களை அவ்வாறே போகவிட்ட ஒரு ஆசிரியர் இருந்ததால்தான், புள்ளியியல் நிறுவனம் ஒன்று கணிதத்தின் முன்னணிப் பெயர்களை உருவாக்க முடிந்தது.

1972இல் மகலனோபிஸ் மறைந்த பின்னரும் சில ஆண்டுகள் நிறுவனத்தை வழிநடத்திய ராவ், பின்னர் அமெரிக்கா சென்றார். 1979இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலும் 1988இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்து, அறுபதை நெருங்கிய வயதில் இரண்டாவது ஆய்வு வாழ்வைத் தொடங்கினார். 1968இல் பத்ம பூஷண், 2001இல் பத்ம விபூஷண், அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் ஆகியவை அவர் பெற்ற சிறப்புகளுள் சில.

பரிசு ஏன் 2023இல்?

தாமதத்துக்கான முதன்மைக் காரணம் எளியது. அந்தப் பரிசே புதியது. நோபல் பரிசுகளில் கணிதத்துக்கோ புள்ளியியலுக்கோ இடமில்லை. ஐந்து புள்ளியியல் அமைப்புகள் இணைந்து உருவாக்கி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வழங்கும் இந்தப் பரிசு, 2017இல் முதன்முறையாக டேவிட் காக்ஸுக்குத் தரப்பட்டது. 2019இல் பிராட்லி எஃப்ரான், 2021இல் நேன் லேர்டு, அடுத்து ராவ். அவருக்கு முன் மூவருக்கே அது கிடைத்திருந்தது.

இரண்டாவது காரணம், 1945ஆம் ஆண்டுக் கட்டுரையின் மூன்றாவது முடிவு பயனுக்கு வரப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது. ஜப்பானின் ஷுனிச்சி அமாரி முதலியோர் அதைத் தகவல் வடிவியல் என்ற தனித் துறையாக வளர்த்தார்கள். பரிசை அறிவித்தவர்கள், ஹிக்ஸ் போசான் என்ற நுண்துகள் பற்றிய அளவீடுகளைத் திட்டமிடுவதிலும் ராடார் ஆய்விலும் செயற்கை நுண்ணறிவிலும் அது பயன்படுவதைச் சுட்டிக்காட்டினார்கள்.

செயற்கை நரம்பு வலைப்பின்னலைப் பயிற்றுவிப்பது என்றால், அதன் பண்பளவைகளை (உள்ளிருக்கும் மாற்றத்தக்க எண்களை) பிழை குறையும் திசையில் சிறிது சிறிதாக நகர்த்துவது என்று பொருள். எந்தத் திசையில் பிழை மிக விரைவாகக் குறைகிறது என்பது, தொலைவை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சாதாரண அளவுகோலுக்குப் பதிலாக ராவின் அளவுகோலைப் பயன்படுத்தும் முறையை அமாரி 1998இல் முன்வைத்தார். பண்பளவைகளை எப்படிக் குறித்தாலும் அதே திசை கிடைப்பது அதன் பலம். கணக்கீட்டுச் செலவே அதன் தடை. பத்து லட்சம் பண்பளவைகள் கொண்ட ஒரு வலைப்பின்னலுக்கு, அந்த அளவுகோலை எழுதிவைக்கத் தேவைப்படும் அணியில், அதாவது எண்களின் சதுர அட்டவணையில், ஒரு லட்சம் கோடி எண்கள் இருக்கும். இன்றைய மொழி மாதிரிகள் அதைவிடப் பன்மடங்கு பெரியவை என்பதால், இந்த அணியை முழுதாகக் கணக்கிடாமலேயே அதன் பயனில் பெரும்பகுதியைப் பெறும் தோராய வழிகளை ஆய்வாளர்கள் இப்போது தேடிவருகிறார்கள்.